நல்ல இயந்திரம், கெட்ட பாரம்: வாடகை நீர்ச் சுத்திகரிப்பான் பற்றிய மதிப்பீடு

பினாங்கு, ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் 2021 இறுதியிலிருந்து வாடகை நீர்ச் சுத்திகரிப்பான் ஒன்று இருக்கிறது. சுடுநீர், குளிர்நீர், சாதாரண நீர் மூன்றையும் தரும் இதனை மாதம் 110 ரிங்கிட் வாடகையில், 60 மாத ஒப்பந்தத்தில் எடுத்தோம். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. இதை எடுத்த பேரங்காடியில் வரிசையாக நின்ற மற்ற விற்பனைச் சாவடிகளில் நான் புரட்டிப் பார்த்த ஒப்பந்தப் பாரங்களும் (படிவங்களும்) பெரிதும் இதே வார்ப்பில்தான் இருந்தன. ஆகவே ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமன்று.

இயந்திரம் நன்றாக இருக்கிறது. அதனுடன் வரும் ஒப்பந்தப் பாரம் நன்றாக இல்லை. வாங்குவோர் பொதுவாக முன்னதை மட்டுமே தட்டிப் பார்க்கிறார்கள், சுவைத்துப் பார்க்கிறார்கள், நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஐந்தாண்டுக் காலம் நம் வீட்டில் குடியிருக்கப்போவது இரண்டும்தான். எனவே பாரத்தையும் அந்தப் பொருளின் ஓர் உறுப்பாகவே எடுத்துக்கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். நம் பயனீட்டாளர் சட்டமும் அவ்வாறே பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இயந்திரத்திலிருந்து தொடங்கலாம். பினாங்குக்கு வரும் குழாய் நீரின் மிகப் பெரும்பங்கு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. சிக்கல் பெரும்பாலும் அதற்குப் பிந்திய வழியில் நேர்கிறது: பழைய குழாய்கள், அதன்பின் கட்டடத்தின் உச்சியில் உள்ள தொட்டி. எங்கள் கட்டடத்தில் தொட்டி கழுவிய மறுநாள் குழாயில் வரும் நீரின் நிறத்தைப் பார்த்தவர் எவரும் வடிகட்டி தேவையில்லை என்று வாதிடமாட்டார். (தொட்டியை ஒழுங்காகப் பராமரிக்கக் கட்டட நிர்வாகம் செலவிடும் தொகையைவிட, அதே கட்டடத்து வீடுகள் தனித்தனியே இயந்திர வாடகைக்குக் கொட்டும் தொகை பல மடங்கு இருக்கும். நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுப்பினால் யாரும் காதில் வாங்குவதில்லை.)

நீரில் குளோரின் வாடை முற்றாக நீங்கிவிட்டது. வடிகட்டியின் உறையில் இரண்டு தரச்சான்றுகள் அச்சிடப்பட்டிருந்தன: என்எஸ்எஃப் 42, என்எஸ்எஃப் 53. முன்னது சுவை, மணம், குளோரின் குறைப்பு ஆகியவற்றுக்கானது. பின்னது ஈயம் போன்ற, உடல்நலத்தோடு தொடர்புள்ளவற்றுக்கானது. வாங்குவோர் கேட்க வேண்டியது பின்னதைத்தான். சாவடியில் எவரும் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. குளிர்நீர் நன்றாகக் குளிர்கிறது, சுடுநீர் மைலோ கலக்கப் போதுமான சூட்டில் வருகிறது, குழந்தைகள் தவறி அழுத்தாதபடி சுடுநீர்ப் பொத்தானுக்குப் பூட்டும் உண்டு. நீர் வரும் வேகம் மட்டும் குறைவு. பெரிய பாத்திரத்தை நிரப்பும்போது நின்று காத்திருக்க வேண்டும். என் அம்மா அந்த நீரையும் இன்னொரு முறை கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார். அவருக்கு எந்தச் சான்றிதழும் போதாது.

2024 ஜனவரி 10ஆம் தேதி முதல் நான்கு நாள்களுக்கு, சுங்கை டுவாவில் அடைப்பிதழ் (வால்வு) மாற்றும் பணிக்காக மாநிலத்தின் பெரும்பகுதியில் நீர் நிறுத்தப்பட்டபோது இயந்திரத்தின் எல்லை தெரிந்தது. குழாயோடு நேரே இணைக்கப்பட்ட கருவி குழாய் வற்றினால் தானும் வற்றும். உள்ளிருந்த சிறு தொட்டியின் நீர் முதல் நாளே தீர்ந்தது. இது இயந்திரத்தின் குற்றமன்று என்றாலும், “இனிமே வீட்டுல தண்ணிப் பிரச்சினையே இருக்காது” என்று விற்றவர் சொன்ன வாக்கியத்தோடு இது பொருந்தவில்லை.

பராமரிப்புக்கு முழு மதிப்பெண் தருவேன். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் மலாய்ப் பெண்மணி, வருவதற்கு முந்தைய நாளே செய்தி அனுப்புகிறார், சொன்ன நேரத்துக்கு வருகிறார், கழற்றிய பழைய வடிகட்டியைக் காட்டிவிட்டுத்தான் புதியதைப் பொருத்துகிறார். இந்த வணிகம் நாடெங்கும் வேரூன்றியதற்கு விளம்பரத்தைவிட இவரைப் போன்றவர்களின் உழைப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி விலை. சாவடியில் இருந்த முகவர் நம் பக்கத்துப் பையன்தான், மரியாதையாகப் பேசினார். “மாசத்துக்கு நூத்திப் பத்துன்னு பாக்காதீங்கண்ணே. ஒரு நாளைக்கு நாலு வெள்ளிகூட வராது. ரெண்டு தே தாரிக் காசு,” என்றார். நாளுக்கு நான்கு ரிங்கிட்டுக்கும் குறைவு, இரண்டு குவளைத் தேநீரின் விலை என்ற அந்தக் கணக்கு சரியானதுதான். ஒரு பெருந்தொகையை நாள்கணக்காக உடைத்துச் சொன்னால் அதனை நாம் நாள்தோறும் செய்யும் சில்லறைச் செலவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து இசைந்துவிடுகிறோம் என்பதை ஜான் கூர்வில் என்ற ஆய்வாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். தொகை மாறுவதில்லை, அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் மாறுகிறது. ஐந்தாண்டுக்கு 6,270 ரிங்கிட் என்று கேட்டிருந்தால் நான் குளிர்பதனப் பெட்டியோடும் மகளின் கல்விக் கட்டணத்தோடும் ஒப்பிட்டிருப்பேன். முதல் ஆறு மாதத்துக்குப் பாதி வாடகை என்ற சலுகையைக் கழித்த பிறகு வரும் தொகை அது. பாரத்தின் எந்தப் பக்கத்திலும் இந்த எண் இல்லை; நானே பெருக்கிக் கூட்டிக் கண்டுபிடித்தேன்.

இங்கே நிறுவனத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். வாடகைக்கு எடுத்தால் கொள்ளை, ரொக்கமாக வாங்கினால் லாபம் என்று பலர் சொல்கிறார்கள். என் கணக்கில் அப்படி வரவில்லை. அதே இயந்திரத்தின் ரொக்க விலை 4,500 ரிங்கிட். முதலாண்டுப் பராமரிப்பு இலவசம், அதன்பின் மாதம் 40 ரிங்கிட். நான்காண்டுப் பராமரிப்பைக் கூட்டினால் மொத்தம் 6,420 ரிங்கிட். ஆக வாடகையே 150 ரிங்கிட் மலிவு. வாங்குவோர் பெரும்பாலும் இந்த இடத்தில் மனநிறைவோடு கையொப்பமிட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த ஒப்பீட்டில் நிற்கும் இரண்டு விலைகளையும் வைத்தது ஒரே கைதான். ரொக்க விலையை எவ்வளவு உயரத்தில் வைக்கிறார்களோ அவ்வளவுக்கு வாடகை நியாயமாகத் தோன்றும். கழுவுதொட்டிக்கு அடியில் பொருத்தும் எளிய வடிகட்டி என்ற மூன்றாவது வழி அந்த மேசையின் மேலேயே இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை ஜார்ஜ்டவுன் கடையொன்றில் பிறகு விசாரித்தேன்: கருவி 650 ரிங்கிட், மாற்று வடிகட்டிகள் ஆண்டுக்கு 180 ரிங்கிட். நான்கு ஆண்டு மாற்றுச் செலவையும் சேர்த்தால் ஐந்தாண்டுக்கு 1,370 ரிங்கிட். குளிர்நீரும் சுடுநீரும் வராது. அவற்றுக்குக் குளிர்பதனப் பெட்டியும் கெண்டியும் எல்லார் வீட்டிலும் உண்டு. நாங்கள் உண்மையில் 4,900 ரிங்கிட் கொடுத்து வாங்கியது சுத்தமான நீரையன்று; பொத்தான் அழுத்தும் வசதியையும் அந்தப் பெண்மணியின் வருகையையும்தான். அதற்கு அந்த விலை தகும் என்று ஒருவர் முடிவுசெய்தால் அதில் பிழையில்லை. அது தம் முடிவு என்று தெரிந்து அவர் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

விலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, வேறொரு சாவடியில் பார்த்த செய்முறை. இரண்டு குவளைகளில் நீர்; ஒன்றில் குழாய் நீர், மற்றொன்றில் அவர்கள் இயந்திரத்தின் நீர். மின்முனைகளை இறக்கி மின்சாரத்தைச் செலுத்தினால் குழாய் நீர் சிறிது நேரத்தில் செங்காவி நிறத்தில் கலங்கிவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள் முகம் சுளிக்கிறார்கள். உண்மையில் அங்கே நடப்பது, இரும்பு மின்முனை கரைந்து துருவாகப் படிவதுதான். குழாய் நீரில் இயல்பாகவே கரைந்திருக்கும் தாதுக்கள் மின்சாரத்தைக் கடத்துவதால் அது நடக்கிறது. தாதுக்கள் அகற்றப்பட்ட நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாததால் தெளிவாக நிற்கிறது. அழுக்கு நீரில் இருந்ததன்று, கருவியிலிருந்து வந்தது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தவறான எண்ணத்தை ஊட்டும் நடத்தையைத் தடைசெய்கிறது. ஆயினும் கண்ணால் கண்ட காட்சியைப் பிற்பாடு எழுதப்படும் எந்த மறுப்பறிக்கையும் அழிப்பதில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் உட்படப் பல மொழிகளில் விழிப்புணர்வு ஊட்டி வரும் மாநிலத்தில், அந்தக் குவளைகளைச் சுற்றி இன்னும் கூட்டம் நிற்கிறது. அறியாமையைக் குறைத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு இது கடினமான கேள்வி.

அடுத்தது பாரம். அது தாளில் இல்லை. முகவரின் கைக்கணினியில் இருந்தது. பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. விரலால் தள்ளித் தள்ளி அவர் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோனார், நான் கையொப்பமிட்டேன். பின்னர் மின்னஞ்சலில் வந்த பிரதியை நிதானமாகப் படித்தபோது மூன்று கட்டங்கள் எனக்கு முன்பே குறியிடப்பட்டிருந்ததைக் கண்டேன். வாடகையைக் கடன் அட்டையிலிருந்து தானாகக் கழித்துக்கொள்ள இசைவு ஒன்று. விளம்பரச் செய்திகள் அனுப்ப இசைவு மற்றொன்று. மூன்றாவதுதான் முக்கியமானது: 60 மாதம் முடிந்த பின்னும், வேண்டாம் என்று நான் எழுதித் தராத வரையில், பராமரிப்புத் திட்டம் கட்டணத்தோடு தொடரும் என்பது.

வேண்டுமென்று கேட்பவருக்கு மட்டும் தருவது, வேண்டாமென்று சொல்லாத எல்லாருக்கும் தருவது என இரண்டு வழிகள் உள்ளன. தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. இரண்டிலும் விருப்பம் நம் கையில். மனிதர் நடந்துகொள்ளும் விதத்திலோ இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. 2017இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரின் பணியில் பெரும்பகுதி இதைச் சுற்றியே அமைந்தது. மலேசியத் தொழிலாளர் எவருக்கும் இதை விளக்க அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. 2016 மார்ச் முதல் ஊழியர் சேமநிதியில் தொழிலாளர் செலுத்தும் பங்கு 11 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, பழைய விகிதத்திலேயே செலுத்த விரும்பியவர்தான் பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் அது 7 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோதும் அதே முறைதான். மக்கள் கையில் செலவுக்குப் பணம் புழங்க வேண்டும் என்பது அரசின் நோக்கம். பாரம் நிரப்பும் சோம்பலே அந்த நோக்கத்தை நிறைவேற்றும் கருவி. அது நல்ல கொள்கையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, ஆனால் முன்குறித்த தெரிவின் வலிமையை அரசு அறியாததன்று என்பதில் ஐயமில்லை. அறிந்திருக்கும் அரசு, அதே கருவியைச் சாவடி முகவரின் கையில் கட்டுப்பாடின்றி விட்டுவைத்திருப்பது ஏன்?

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இயற்றி 2014 ஜூன் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பயனீட்டாளர் உரிமை ஆணை, கூடுதல் கட்டணத்துக்கான இசைவை முன்குறியிட்ட கட்டத்தின் வழியாகப் பெறுவதைச் செல்லாததாக்கியது. இந்தியாவில் மத்தியப் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தில் வாங்குவோரைத் திசைதிருப்பும் 13 வகை வடிவமைப்பு உத்திகளைப் பெயர் சொல்லித் தடைசெய்கின்றன. சந்தாவிலிருந்து வெளியேற முடியாதபடி சிக்க வைப்பதும் அவற்றுள் ஒன்று. எங்கள் கைக்கணினிப் பாரம் அங்கே போயிருந்தால் பாதி தேறியிருக்காது.

கடன் அட்டை குறித்தும் ஒரு சொல். வாடகை அட்டையில் தானாக ஏறுகிறது. நம் நாட்டில் அட்டைக்காரர் மாதந்தோறும் நிலுவையில் குறைந்தது 5 விழுக்காட்டைச் செலுத்த வேண்டும். மீதிக்கு, செலுத்தும் ஒழுக்கத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 15, 17 அல்லது 18 விழுக்காடு வரை வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவரும் குடும்பத்துக்கு மாதம் 110 ரிங்கிட் என்பது 110 ரிங்கிட் அன்று. வாடகைக் கம்பெனியின் பாரம் இதைச் சொல்லாது. வங்கியின் அறிக்கை இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வரும் மனிதருக்கு விடப்பட்டிருக்கிறது.

இவை அனைத்தையும்விடக் கவலை தருவது வெளியேறும் வழி. பட்டர்வொர்த்தில் இருந்த என் தங்கையும் அதே நிறுவனத்தின் இயந்திரத்தை எடுத்திருந்தாள். ஒப்பந்தத்தின் 24ஆம் மாதத்தில் அவள் குடும்பம் ஈப்போவுக்கு, மாமியார் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஏற்கெனவே ஓர் இயந்திரம் உண்டு. வெளியேற எவ்வளவு கட்ட வேண்டும் என்ற எளிய கேள்விக்கு விடைபெற அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தொலைபேசியில் காத்திருந்தாள், மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினாள், அடையாள அட்டையோடு கிளைக்கு நேரில் வரச் சொன்னார்கள். சேரும்போது விரல்நுனி போதும், விலகும்போது உடம்பே போக வேண்டும். கடைசியில் தெரிந்த தொகை 2,130 ரிங்கிட்: எஞ்சிய 36 மாத வாடகையான 3,960 ரிங்கிட்டில் பாதி, அதனோடு கழற்றுக் கூலி 150 ரிங்கிட். அவள் சக ஊழியர் ஒருவர் மீதி ஒப்பந்தத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டதால் தப்பினாள்.

உடற்பயிற்சி நிலையங்களைப் பற்றி ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மெண்டியரும் 2006இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதற்கு நேர் உறவு. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டி உறுப்பினரானவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போனார்கள். ஒவ்வொரு வருகைக்கும் 17 டாலருக்கு மேல் கொடுத்ததாக ஆனது. ஒருமுறைக்கு 10 டாலர் வீதம் கட்டும் சீட்டு அதே நிலையத்தில் கிடைத்தது. மாத ஒப்பந்தக்காரர்கள் கடைசியாகப் போன நாளுக்கும் உறுப்பியத்தை நீக்கிய நாளுக்கும் இடையே சராசரியாக 2.31 மாதம் கட்டணம் ஓடியது. அங்கே நீக்குவதற்கு அபராதம்கூடப் பெரிதாக இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்ற எண்ணமே போதுமாயிருந்தது. அந்த எண்ணத்தின் மேல் 2,130 ரிங்கிட்டையும் கிளைக்குப் போகும் அலைச்சலையும் ஏற்றிவைத்தால் என்ன ஆகும் என்பதை வாடகைக் கம்பெனிகள் ஆய்வறிக்கை படிக்காமலே அறிந்திருக்கின்றன. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா சேர்க்கும் நிறுவனம் அதே தளத்தில் விலகுவதற்கான பொத்தானையும் வைத்தாக வேண்டும். எவ்வழியில் சேர்த்தாயோ அவ்வழியிலேயே விடு என்பதுதான் அதன் சாரம்.

நம் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதற்கில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் நீக்க இடமளிக்கிறது. அப்போது வழங்குநர் கேட்கக்கூடியவை முழு ஒப்பந்த விலையில் 5 விழுக்காடு, பயன்படுத்திய பொருள்களின் விலை, பெற்றுக்கொண்ட சேவையின் மதிப்பு ஆகியவை மட்டுமே. தங்கையின் ஒப்பந்தத்துக்கு அந்த 5 விழுக்காடு 313 ரிங்கிட் 50 சென். இயந்திர வாடகை பொருள் வழங்கலா, தொடர் சேவையா என்பதில்தான் வழக்கு நிற்கும். நான்கு மாதத்துக்கொரு முறை வரும் பராமரிப்பை நீக்கிவிட்டால் இந்த வாடகைக்கு அர்த்தமே இல்லை. ஆகவே இது சேவை என்பது என் வாதம். 2011இல் நடைமுறைக்கு வந்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய பகுதியும் இருக்கிறது. பொடி எழுத்தில் இருப்பதும் படித்துப் புரிந்துகொள்ளக் கடினமாக இருப்பதும் அதில் கருதத்தக்க காரணங்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. மிக நல்ல ஏற்பாடு. இருந்தும் தங்கை அங்கே போகவில்லை. பாரம் நிரப்ப வேண்டும், ஒருநாள் விடுப்பு எடுக்க வேண்டும், குடிபெயரும் நேரத்தில் பழைய ரசீதுகளைத் தேட வேண்டும். ஐந்து ரிங்கிட் என்பது தாளில் உள்ள விலைதான்.

வீட்டு வாசலுக்கு வந்து விற்பவரிடம் வாங்கியதை நீக்க 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் 10 வேலை நாள் அவகாசம் தருகிறது. அவசரத்தில் எடுத்த முடிவை ஆறிய மனத்தோடு திரும்பிப் பார்க்கக் கொடுக்கப்பட்ட கால அளவு அது. பேரங்காடிச் சாவடியில் பதினைந்து நிமிடத்தில் முடியும் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கும் அதே அவகாசம் ஐயத்துக்கு இடமின்றிக் கிடைக்க வேண்டும். வாசலில் நிற்பவரிடம் கதவைச் சாத்தலாம்; சாவடியில் மடியில் குழந்தையோடு நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த குளிர்நீரையும் குடித்த பிறகு எழுந்து போவது அதைவிடக் கடினம்.

மனிதர் உண்மையில் முடிவெடுக்கும் விதத்தை ஆராயும் நடத்தைப் பொருளியலைக் கொள்கை வகுப்பில் புகுத்துவோர் சில நேரம் அளவுக்கு மீறி வாக்களிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, கல்வி இதழ்களில் வெளியான மென்தூண்டல் (தடையின்றி, தெரிவை முன்வைக்கும் விதத்தை மட்டும் மாற்றுவது) ஆய்வுகளில் சராசரி விளைவு 8.7 விழுக்காட்டுப் புள்ளியாக இருக்க, அரசு அமைப்புகளுக்காக இயங்கும் இரண்டு பெரிய அமெரிக்க மென்தூண்டல் பிரிவுகள் உண்மையில் நடத்திய சோதனைகளில் அது 1.4 விழுக்காட்டுப் புள்ளியாகவே இருந்தது. எனவே பாரத்தின் சொற்களை மாற்றினால் போதும், தடைச்சட்டம் வேண்டாம் என்று வணிகர் சங்கங்கள் வாதிட்டால் அதை நான் ஏற்கமாட்டேன். முன்குறியிட்ட கட்டத்தைத் தடைசெய்வதற்குச் சட்டம்தான் வேண்டும்.

ஆனால் எண்ணைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் காட்டுவது வேலை செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் காப்பீட்டுப் புதுப்பிப்புக் கடிதங்களில் பல மாற்றங்களைச் சோதித்துப் பார்த்தது. துண்டுப் பிரசுரமும் எளிய மொழியும் பெரிதாக எதையும் அசைக்கவில்லை. சென்ற ஆண்டு கட்டிய தொகையை இந்த ஆண்டுத் தொகையின் பக்கத்தில் அச்சிட்டபோது, நிறுவனம் மாறியவர்கள் அல்லது பேரம் பேசியவர்களின் எண்ணிக்கை 11 முதல் 18 விழுக்காடு வரை உயர்ந்தது. 2017 ஏப்ரல் முதல் அது அங்கே கட்டாயம். நம் நாட்டிலும் 2013 முதல் குளிர்பதனப் பெட்டியிலும் குளிர்சாதனத்திலும் கட்டாயமாக ஒட்டப்படும் மின்சிக்கன நட்சத்திர முத்திரையைக் கடைக்காரர் விளக்காமலே பாட்டிகூடப் படித்துவிடுகிறார். பினாங்கு மாநிலம் நெகிழிப்பையை இலவசமாகத் தருவதை 2009இல் வாரத்தில் ஒரு நாள் நிறுத்தத் தொடங்கி, 2011 முதல் எல்லா நாளும் நிறுத்தியது. அப்போது ஒரு பைக்கு வாங்கிய 20 சென் யாரையும் ஏழையாக்கிவிடவில்லை. ஆனால் பை வேண்டுமா என்ற கேள்வி முகத்துக்கு நேரே வந்ததால் சௌராஸ்தா சந்தைக்குக் கூடையோடு போகும் பழக்கம் திரும்பி வந்தது. இவ்வளவு தெரிந்த மாநிலத்தில் வாடகைப் பாரத்தின் முதல் பக்கத்தில் மொத்தத் தொகையையும், 12, 24, 36, 48ஆம் மாதங்களில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் பெரிய எழுத்தில் போட வைப்பது அரிய காரியமன்று. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு ஒரு விதிமுறையின் வழியாக அதைச் செய்துவிடலாம்.

இயந்திரத்தை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பெரிய குடும்பம், சொந்த வீடு, வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்து நினைத்த நேரத்தில் சுடுநீர் தேவைப்படும் நிலை என்றால் எடுக்கலாம், பராமரிப்பு ஏமாற்றாது. வாடகை வீட்டில் இருப்பவர், வேலை மாற்றலாகும் வாய்ப்புள்ளவர், அட்டை நிலுவையை முழுதாகக் கட்ட முடியாதவர் ஆகியோர் கழுவுதொட்டி அடி வடிகட்டியோடு நின்றுகொள்வது நல்லது. எடுப்பதென்று முடிவானால், கைக்கணினியை வாங்கி நீங்களே தள்ளிப் படியுங்கள், குறியிட்ட கட்டங்களை நீக்கச் சொல்லுங்கள், 24ஆம் மாதத்தில் விலகினால் எவ்வளவு என்பதை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். நான் பேசிப் பார்த்த வரையில், அந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே விடை சொன்ன முகவர் எவரும் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் மறுநாள் வருகிறது.

எங்கள் 60 மாதம் முடிய இன்னும் சிறிது காலம் இருக்கையிலேயே புதிய இயந்திரத்துக்கு மாறினால் மீதி வாடகை தள்ளுபடி என்ற அழைப்பு வரத் தொடங்கிவிட்டது. அதற்கும் 60 மாத ஒப்பந்தம்தான். நான் மறுத்துவிட்டு, மூன்றாவது கட்டத்தை நீக்கும்படி எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கிளையில் நேரில் போய் வாங்கி வந்திருக்கிறேன்.